ராஜகிரி ஏறிய முதுகு

"சார் குதிரைமேல ஏறமாட்டாராம்" என்று தங்கராசு வந்து சொன்னபோது காலை ஏழு மணி. செஞ்சிக் கோட்டையில் கல்யாண மகாலுக்கு எதிரே குதிரை தயாராக நின்றது. கேமரா தயாராக நின்றது. நாற்பது சிப்பாய்கள் இட்லி தின்று முடித்துக் கைகழுவிக்கொண்டிருந்தார்கள்.

"ஏறமாட்டாருன்னா?" என்றாள் ஜெயசுதா.

"ஏறமாட்டாருன்னா ஏறமாட்டாருங்க. முட்டி வலி. டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு."

தங்கராசு, நடிகர் இளவரசனின் டச்சப்மேன். இளவரசனுக்குத் தொண்டையும் சரியில்லை. படப்பிடிப்பு முடியும்வரை குரலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று அவருடைய மேனேஜர் ரங்கநாதன் சென்னையிலிருந்து முன்பே சொல்லியிருந்தார். கேமரா முன்னால் உதட்டை மட்டும் அசைப்பார். பிறகு டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம். அதனால் இளவரசன் என்ன நினைக்கிறார் என்பதை உலகத்துக்குச் சொல்லும் வேலை தங்கராசுவுடையது.

ஜெயசுதா கையிலிருந்த கதைப் புத்தகத்தைப் பார்த்தாள். படத்தின் பெயர் 'ராஜகிரி வேங்கை'. தனி ஒருவனாக ஒரு கோட்டையைப் பிடிக்கும் வீரனின் கதை. நாற்பத்தொரு இடத்தில் குதிரை, இருபத்துமூன்று இடத்தில் வாள்சண்டை, பதினோரு இடத்தில் பாறை ஏறுவது, தாவுவது, தொங்குவது. மிச்சமிருந்ததில் காதல்.

குதிரை ஓட்டுவதற்கென்று சென்னையிலிருந்து ஒரு ஸ்டண்ட் டூப் வந்திருக்க வேண்டும். மூன்று மாடி உயரத்திலிருந்து குதிப்பவர். அவர் திண்டிவனத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது கால் பிசகி, அங்கேயே கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

இயக்குநர் தினேஷ்குமாருக்கு இது முதல் படம். இளவரசனிடம் கதை சொன்னதுகூடப் போனில்தான். அப்பேர்ப்பட்ட நடிகர் ஒப்புக்கொண்ட அதிர்ச்சியிலிருந்தே அவர் இன்னும் முழுசாக மீளவில்லை. இப்போது ஜெயசுதாவைப் பார்த்தார்.

"உங்க ஊர்தானே. ஏதாவது பண்ணுங்க."

ஜெயசுதா செஞ்சிக்காரி. கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பாலசுப்பிரமணியனின் ஒரே மகள். ஒன்பது வருடமாக உதவி இயக்குநர். அதில் ஓடிய படம் ஒன்றுகூட இல்லை. செஞ்சிக் கோட்டையிலேயே எடுக்கலாம் என்று தினேஷ்குமாரை இழுத்து வந்ததும் அவள்தான். அவளுடைய நைனா நாலு வருடமாக அவளிடம் நேராகப் பேசுவதில்லை. அம்மா செந்தாமரை வழியாகத்தான் பேச்சு. இந்த முறையும் அப்படித்தான் சொல்லியனுப்பியிருந்தார். "இந்தப் படமும் ஓடலன்னா வந்து கல்லாவுல உக்காரச் சொல்லு."

ஆனால் அந்த மனுஷர் இளவரசனின் வெறியர். இளவரசனின் முதல் படத்தைப் பதினெட்டு தடவை பார்த்தவர். மகள் இளவரசனோடு வேலை செய்கிறாள் என்று தெரிந்த அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜெயசுதா சிங்கவரத்துக்கு வண்டியை விட்டாள். அங்கே தனகோட்டி என்று ஒருவர், மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர்.

"ஏறிடலாம்மா. ஆனா என் குதிரைமேலதான் ஏறுவேன். வேற குதிரை என் பேச்சக் கேக்காது" என்றார் தனகோட்டி.

அவருக்கு இளவரசனின் தாடி, தோள்வரை தொங்கும் முடி, தங்க நிறக் கவசம் எல்லாம் மாட்டினார்கள். ஆள் ஒல்லி என்பதால் உள்ளே இரண்டு தலையணை வைத்தார்கள். சிங்கவரம் போகும் வழியில், வேர்க்கடலை வயலை ஒட்டிக் கேமரா வைக்கப்பட்டது.

"ஆக்‌ஷன்" என்றார் தினேஷ்குமார்.

குதிரை இரண்டு அடி நடந்து நின்றது.

"மேளம் அடிக்கணுங்க" என்றார் தனகோட்டி.

யாரோ போனில் பேண்டு வாத்தியம் போட்டார்கள். குதிரை இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டத் தொடங்கியது.

"சண்டைக்குப் போற குதிரை எதுக்குங்க ஆடுது?"

"பேண்டு அடிச்சா ஆடும் சார். சரவெடி போட்டாத்தான் ஓடும்."

சரவெடி வாங்கி வரப்பட்டது. குதிரை ஓடியது. கேமராவைத் தாண்டி ஓடியது, வேர்க்கடலை வயலைத் தாண்டி ஓடியது, திருவண்ணாமலை ரோட்டில் ஏறியது. ஜெயசுதா ஸ்கூட்டரில் துரத்தினாள். குதிரை எங்கேயும் நிற்காமல், தான் வழக்கமாகப் போகும் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்து, வாழைமரத்துக்குப் பக்கத்தில் வந்து அடக்கமாக நின்றது.

அவள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தனகோட்டி இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். தாடி இலைக்குப் பக்கத்தில் இருந்தது.

"நான் இல்ல இல்லன்னுதாம்மா சொன்னேன். யாரு கேக்கறாங்க. இளவரசன் வந்துட்டாருன்னு ஒரே கூட்டம். பொண்ணும் மாப்ளயும் கால்ல உழுந்துட்டாங்க. உழுந்தவங்கள அப்படியே உட்டுட்டு வர முடியுமா? ஆசீர்வாதம் பண்ணேன். சாப்டாம போவக்கூடாதுன்னுட்டாங்க."

தாடியோடு அவர் ஆசீர்வாதம் செய்த வீடியோ மத்தியானத்துக்குள் மாவட்டம் முழுக்கப் போய்விட்டது.

மறுநாள் காலை கோட்டை வாசலில் மூவாயிரம் பேர் நின்றார்கள். லாரியில் வந்தார்கள், டிராக்டரில் வந்தார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெயர் வைக்கச் சொல்லி ஒரு குடும்பம் வந்திருந்தது. கூட்டம் கலையாவிட்டால் படப்பிடிப்பை நிறுத்த வேண்டியதுதான் என்று கோட்டைக் காவலர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஜெயசுதா ரங்கநாதனுக்குப் போன் போட்டாள். எதிர்முனையில் மேனேஜரின் குரல் நடுங்கியது.

"சாரை வெளிய காட்டாதீங்க. என்ன ஆனாலும் காட்டாதீங்க."

"ஒரு நிமிஷம் வந்து கைய மட்டும் காட்டினா போதும் சார். இல்லன்னா உள்ள வந்துடுவாங்க."

"வேண்டாம்மா. தயவுசெஞ்சு வேண்டாம்."

அவள் கேரவன் கதவைத் தட்டினாள். தங்கராசு குறுக்கே நின்று முடியாது என்றான். ஆனால் உள்ளே இருந்தவர் காதில் எல்லாம் விழுந்திருக்க வேண்டும். இளவரசன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். கண்ணாடியில் தாடியைச் சரிபார்த்தார். தங்கராசுவின் தோளைத் தொட்டு மெல்ல ஒதுக்கிவிட்டு இறங்கினார்.

ஒன்பது வருடத்தில் ஜெயசுதா எத்தனையோ நடிகர்களைப் பார்த்திருக்கிறாள். இப்படி ஒரு நடையைப் பார்த்ததில்லை. அவசரமில்லை, அலட்டலும் இல்லை. கோட்டையின் பழைய நெற்களஞ்சியத்துக்கு எதிரே இருந்த படியில் ஏறி நின்றார். வலது கையை நெஞ்சில் வைத்துத் தலையைக் கொஞ்சம் சாய்த்துச் சிரித்தார். அவ்வளவுதான்.

மூவாயிரம் பேர் எழுப்பிய சத்தத்தில் பக்கத்துக் குன்றான கிருஷ்ணகிரியின் பாறையிலிருந்த குரங்குகள் எல்லாம் மறுபக்கம் ஓடின. அவர் கையை வாயருகே கொண்டுபோய், போய்ச் சாப்பிடுங்கள் என்று சைகை செய்தார். ஒருவர் பின் ஒருவராக ஜனங்கள் திரும்பி நடந்தார்கள். குழந்தைக்குப் பெயர் கேட்டு வந்தவர்கள்கூட, பெயர் வாங்காமலே நிறைந்த முகத்தோடு போனார்கள்.

பக்கத்தில் தினேஷ்குமார் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஜெயசுதா, இந்த முகம் போதும். மத்ததை எல்லாம் நாம ஒட்டிக்கலாம்."

அப்படித்தான் ஒட்டும் வேலை தொடங்கியது.

வாள்சண்டை அன்று, வாளைத் தூக்கினால் தோள் இறங்கிவிடும் என்று டாக்டர் சொன்னதாகத் தங்கராசு வந்து சொன்னான். ஜெயசுதா பெண்கள் பள்ளிக்கூடத்தில் சிலம்பம் சொல்லித்தரும் மணிமொழி டீச்சரைக் கூட்டிவந்தாள். முகம் தெரியாது, கை மட்டும்தான். டீச்சர் வாளைச் சுழற்றியபோது எதிரே நின்ற நாலு சிப்பாய்கள் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் மறந்து நிஜமாகவே ஓடினார்கள். அரை நாள் எடுத்த பிறகுதான் மானிட்டரில் பெரிதாக்கிப் பார்த்தார்கள். வீரனின் உள்ளங்கையில் மாங்காய் டிசைன் மருதாணி.

"நாத்தனாருக்கு சீமந்தம்" என்றார் டீச்சர். "போவறதுக்குப் பத்து நாள் ஆவும்."

சரி, கையுறை போடலாம். செஞ்சியில் போர்வீரன் கையுறை எங்கே கிடைக்கும்? வெல்டிங் பட்டறையில் கிடைத்தது. பழுப்பு பாலிஷ் அடித்துப் போட்டார்கள். பார்க்கக் கம்பீரமாகவே இருந்தது. ஆனால் சித்திரை வெயிலில் வியர்வையும் பாலிஷும் சேர்ந்து தோல் இறுகி, சாப்பாட்டு நேரத்தில் கையுறை கழலவில்லை. நாலு பேர் இழுத்தார்கள். டீச்சர் சாம்பார் சாதத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அப்போது இளவரசன் எழுந்து வந்தார். ஒரு ஸ்பூனால் சாதத்தைக் கலந்து, டீச்சர் எதிரில் உட்கார்ந்து ஊட்டத் தொடங்கிவிட்டார். யூனிட்டே அதிர்ந்துபோய்ப் பார்த்தது. முடித்ததும் டீச்சரின் தட்டையும் தன் தட்டையும் அவரே எடுத்துப்போய்க் குழாயடியில் கழுவினார்.

"எவ்ளோ பெரிய மனுசன் பாருடி" என்று பாத்திரம் தேய்க்கும் ராஜாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

செய்தி கடைத்தெருவுக்குப் போயிற்று. போகும் வழியில் கொஞ்சம் மாறியது. பாத்திரக்கடைக்காரர் மகள், பள்ளிக்கூடத்து டீச்சருக்குத் தாடி ஒட்டி ஆம்பிளையாக்கிவிட்டாள் என்று போய்ச் சேர்ந்தது.

மறுநாள் பாறை ஏறும் காட்சி. கோட்டையின் உயரமான மலையான ராஜகிரியின் அடிவாரத்தில் ஒரு பெரிய பாறை. சுவரிலும் பாறையிலும் ஆணி அடிக்கக்கூடாது, கயிறு கட்டக்கூடாது என்பது கோட்டையின் விதி. கையாலும் காலாலும்தான் ஏற வேண்டும். கேமரா பின்னாலிருந்து பார்க்கும். அகலமான ஒரு முதுகு மட்டும் வேண்டும். தனகோட்டியின் முதுகில் தலையணை நழுவியது. மணிமொழி டீச்சர் ஏறுவார். ஆனால் பின்னாலிருந்து பார்த்தால் டீச்சராகவே தெரிந்தார்.

"ஜெயசுதா" என்று கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது.

நைனா. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வேகமாக வந்துகொண்டிருந்தார். நாலு வருடம் கழித்து மகளை நேராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

"இன்னா நடக்குது இங்க? டீச்சரம்மாவுக்கு தாடி ஒட்டினியாமே. கடையில மனுசன் உக்கார முடியல. ஆளாளுக்கு வந்து கேக்கறாங்க. குண்டான் வாங்க வந்தவன்கூடக் கேக்கறான்."

"தாடியெல்லாம் ஒட்டல நைனா. கை மட்டுந்தான்."

"கையில தாடி ஒட்டினியா?"

அவள் விளக்குவதற்குள் அவர் கோபமாகத் திரும்பி நடந்தார். பாறையின் பக்கத்திலிருந்து கேமராமேன் கத்தினார்.

"அந்த முதுகு யாருது? அந்த முதுகை நிறுத்துங்க."

எல்லோரும் பார்த்தார்கள். பாலசுப்பிரமணியனுக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடமாகச் சர்க்கரைக்குப் பயந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ராஜகிரி உச்சிவரை ஏறி இறங்குகிறவர். பித்தளை அண்டாக்களைத் தூக்கித் தூக்கி விரிந்த தோள். பின்னாலிருந்து பார்த்தால் அச்சு அசல் இளவரசன்.

கேட்பது யார் என்பதுதான் பிரச்சினை. தினேஷ்குமார் ஜெயசுதாவைப் பார்த்தார். ஜெயசுதா பாறையைப் பார்த்தாள்.

"நைனா. ஒரு உதவி. இந்தப் பாறைமேல ஏறணும். முகம் தெரியாது. முதுகு மட்டுந்தான்."

"நாலு வருசத்துல என்கிட்ட நீ கேக்கற மொத உதவி இதுவா?"

"ஆமா."

"உங்க ஹீரோ இன்னா பண்றாரு?"

"அவருக்கு முட்டி வலி நைனா. ஏற முடியாது."

பாலசுப்பிரமணியனின் முகம் மாறியது. "இத ஏன் மொதல்லயே சொல்லல? அந்த மனுசன் இருபத்தஞ்சு வருசமா நமக்காகக் குதிச்சிருக்காரு. குதிச்சு குதிச்சுத்தான் முட்டி போயிருக்கும்."

அவரை இளவரசனிடம் கூட்டிப்போனாள். மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், பெரியவர் வருவதைப் பார்த்ததும் சட்டென்று எழுந்துவிட்டார். தன் நாற்காலியைத் துண்டால் தட்டி அவர் பக்கம் நகர்த்தினார். தங்கராசு தடுப்பதற்குள் கரகரத்த சின்னக் குரலில், "உக்காருங்கண்ணே" என்றார்.

பாலசுப்பிரமணியன் உட்காரவில்லை. உட்கார முடியவில்லை. பதினெட்டு தடவை பார்த்த மனுஷர் எதிரே நின்று அண்ணே என்கிறார். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு வேட்டியை அவிழ்த்து, முதுகு தெரியும்படி கவசத்தின் முன்பக்கத்தை மட்டும் மாட்டிக்கொண்டு பாறையில் ஏறினார்.

முதல் தடவை ஏறியபோது பாதி வழியில் ஒரு குரங்கு பொய்முடியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. வழுக்கையோடு ஒரு வீரன் ஏறுவது பதிவாயிற்று. இரண்டாம் தடவை சரியாக ஏறி, உச்சியில் நின்று வழக்கம்போல் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டார். மூன்றாம் தடவை குறையில்லை.

அடுத்த நாள் தாவும் காட்சி. கோட்டைக்குள் ஆனைக்குளத்துப் பக்கம் ஆளுயரப் பாறையிலிருந்து கீழே போட்ட மெத்தைமேல் தாவ வேண்டும். மெத்தை, வீட்டிலிருந்து செந்தாமரைக்குத் தெரியாமல் எடுத்துவந்தது. பாலசுப்பிரமணியன் பாறை நுனியில் நின்றார். பத்து நிமிடம் நின்றார்.

"நைனா, வேணாம். எறங்கி வந்துடு" என்றாள் ஜெயசுதா. அவளுக்குப் படமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றாகிவிட்டது. "வேற ஏதாவது பண்ணிக்கறோம்."

"இரும்மா. கால்தான் வர மாட்டேங்குது."

கீழே நிழலில் இருந்த இளவரசன் எழுந்து, வெயிலுக்கு வந்து நின்றார். மேலே பார்த்தார். வலது கையை நெஞ்சில் வைத்துத் தலையைக் கொஞ்சம் சாய்த்தார்.

பாலசுப்பிரமணியன் தாவினார்.

அது தாவல் இல்லை, பாய்ச்சல். மெத்தையைத் தாண்டிப் புல்லில் போய் விழுந்தார். எல்லோருக்கும் முன்னால், முட்டி வலியையெல்லாம் மறந்து ஓடிப்போய் அவரைத் தூக்கியது இளவரசன்தான். கால், கை, தலை எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்ததை ஜெயசுதா பார்த்தாள்.

படப்பிடிப்பு முடிந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தபோது இரண்டரை மணி நேரப் படத்தில் இளவரசனின் முகம் மொத்தம் பதினேழு நிமிடம்தான் இருந்தது. மிச்சமெல்லாம் தனகோட்டியின் குதிரை, மணிமொழியின் கை, பாலசுப்பிரமணியனின் முதுகு. கதையில் பாதி புரியவில்லை. வில்லன் எதற்காகக் கோட்டையை வைத்துக்கொண்டிருக்கிறான் என்பதை எழுதியவரே மறந்திருந்தார். தினேஷ்குமார் எடிட்டிங் அறையில் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஊத்திக்கும்" என்றார்.

"ஓட்டிப் பாக்கலாம் சார்" என்றாள் ஜெயசுதா.

ஓட்டினார்கள். குதிரை ஓடியது, அந்த முகம் திரும்பிச் சிரித்தது. குதிரையை ஓட்டியது அவரேதான். வெல்டிங் கையுறை வாளைச் சுழற்றியது. அந்தக் கண் ஒரு தரம் மின்னியது. சுழற்றியது அவரேதான். எங்கே ஒட்டு போட்டார்கள் என்று ஒட்டியவர்களுக்கே தெரியவில்லை. படம் முடிந்து விளக்கைப் போட்டார்கள். தினேஷ்குமார், "எப்படி?" என்று இரண்டு தடவை கேட்டார்.

டப்பிங்கை இளவரசன் தன் வீட்டு ஸ்டூடியோவிலேயே பேசி அனுப்பிவிட்டார். தொண்டை நன்றாகக் குணமாகியிருந்தது.

செஞ்சி தியேட்டரில் முதல் நாள் காலைக் காட்சிக்கு ஜெயசுதா, நைனா, அம்மா மூவரும் போனார்கள். தன் முதுகு விஷயத்தைப் பாலசுப்பிரமணியன் வீட்டில் மூச்சுவிடவில்லை. இளவரசனே ஏறியதாக நாலு பேர் நம்பட்டும், அதைக் கெடுக்கக்கூடாது என்று மகளிடமும் சத்தியம் வாங்கியிருந்தார்.

பாறை ஏறும் காட்சி வந்தது. தியேட்டர் எழுந்து நின்றது. காகிதம் பறந்தது. பின்வரிசையில் ஒரு பெண், "முதுகப் பாரு, சிங்கம் மாதிரி" என்றாள். பாலசுப்பிரமணியன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

செந்தாமரை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெல்லச் சொன்னாள். "வலது தோளுக்குக் கீழ மச்சம் தெரியுது. துணி போட்டு மறைச்சிருக்கலாம்."

அவருக்கு வியர்த்துவிட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"முப்பத்திரண்டு வருசமா சனிக்கெழம சனிக்கெழம இந்த முதுகுக்குத்தான எண்ணெ தேய்க்கறேன். மெத்தையும் கெடச்சிடுச்சு. புல்லு ஒட்டினு இருந்துச்சு."

படம் ஓடியது. பேய்த்தனமாக ஓடியது. கதை இல்லை, லாஜிக் இல்லை, ஆனால் ஒற்றை மனிதர் படத்தைத் தோளில் சுமக்கிறார் என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. பாலசுப்பிரமணியன் அந்த வரியை வெட்டி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மகளிடம் தினமும் போனில் நேராகவே பேசினார். கல்லாவைப் பற்றிய பேச்சே எழவில்லை.

ஐம்பதாவது நாள் இளவரசன் வீட்டுத் தோட்டத்தில் விருந்து. யூனிட் முழுவதும் குடும்பத்தோடு வரலாம் என்று அழைப்பு. பாலசுப்பிரமணியன் புதுச் சட்டை எடுத்தார். மேல்சித்தாமூரில் சொல்லிவைத்து நல்ல வேர்க்கடலை ஐந்து கிலோ வாங்கி, தன் கடையிலேயே பெரிய பித்தளைத் தூக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதில் நிரப்பிக்கொண்டார். பஸ் முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

"என்ன பாத்ததும் இன்னா சொல்வாரு?" என்று வழியெல்லாம் கேட்டார்.

"அண்ணேம்பாரு" என்றாள் ஜெயசுதா.

இளவரசன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். தாடி இல்லை, கறுப்புக் கண்ணாடி. ஒவ்வொருவராகக் கைகுலுக்கிக்கொண்டு வந்தார். பாலசுப்பிரமணியன் தூக்கை நீட்டினார்.

"வணக்கங்க. செஞ்சி" என்றார்.

இளவரசன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "சந்தோஷம். கேட்டரிங்கா? அதைப் பின்பக்கம் குடுத்துடுங்க."

பிறகு பத்திரிகைக்காரர்கள் பக்கம் திரும்பி, "அந்தப் பாறையில ஏறினப்போ உயிர் போய் உயிர் வந்துச்சு" என்று கணீரென்று பேசத் தொடங்கினார்.

பாலசுப்பிரமணியன் தூக்கைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். ஜெயசுதாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த மனிதன் தட்டு கழுவியதும், கலங்கிய கண்ணோடு ஓடிவந்ததும், எல்லாமே நடிப்பா? ஆறு மாதத்தில் ஒரு முகம் மறந்துபோகுமா? அவள் நைனாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள்.

"வுடும்மா" என்றார் அவர். "பெரிய மனுசங்களுக்கு ஆயிரம் டென்ஷன். தெனம் ஆயிரம் பேரப் பாக்கறாங்க." கேட்டுக்கு வெளியே வந்து, வேப்ப மரத்தடியில் தூக்கைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பின்னாலிருந்து யாரோ ஓடிவந்தார்கள். தங்கராசு. மூச்சு வாங்கியது. கேட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"நல்லவேள, போறதுக்குள்ள புடிச்சேன். ஏம்மா, செஞ்சிக்கு நம்ம சாருக்குப் பதிலா வந்து நடிச்சிட்டுப் போனாரே அந்த டூப்பு இளவரசன், அவரு இப்ப எந்த ஊரு திருவிழாவுல ஆடினு இருக்காருன்னு உங்களுக்காச்சும் தெரியுமா, திங்கக்கெழம அடுத்த பட ஷூட்டிங் இருக்குது."